கிருஷ்ணகிரி ஜீப் பட்டறை: கலப்பு பார்ட்ஸ் மிலிட்டரி ஜீப் வாங்கி 7 மாசம் ஓட்டுனவனோட ரிவ்யூ

கிருஷ்ணகிரில இருந்து தர்மபுரி போற வழில, காவேரிப்பட்டணத்துக்கு கொஞ்சம் முன்னாடி பைபாஸ விட்டு பழைய ரோட்டுல இறங்குனா ஒரு தகர ஷெட் இருக்கு. போர்டெல்லாம் கிடையாது, வாசல்ல ரெண்டு ஜீப் சேஸிஸ் நிமித்தி சாச்சு வெச்சிருப்பாங்க, அதான் அடையாளம். அக்கம்பக்கத்துல ஜீப் பட்டறைனு கேட்டா யாரும் வழி சொல்வாங்க. அங்க இருந்துதான் நான் பல வண்டி பார்ட்ஸ் கலந்த ஒரு பழைய மிலிட்டரி ஜீப்ப 4 லட்சத்து 35 ஆயிரத்துக்கு வாங்குனேன். வண்டி கைக்கு வந்து 7 மாசம் ஆச்சு. என்கிட்ட நெறைய பேர் "கலப்பு வண்டிக்கு இவ்ளோ காசா, ஒரிஜினலா இருந்தாதான மதிப்பு"னு கேட்டுட்டே இருக்காங்க, அவங்க எல்லாருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா ஒரே தடவை முழுசா எழுதிடலாம்னுதான் இது.

எங்களுக்கு சந்தூர் பக்கம் மாந்தோப்பு இருக்கு. தோப்புக்குள்ள போறதுக்கு டிராக்டரே போதும், ஜீப் வேணும்னு அவசியம் எதுவும் இல்ல. எங்க பெரியப்பா ஆர்மில ஈஎம்ஈ-ல (வண்டி, ஆயுதமெல்லாம் ரிப்பேர் பாக்குற பிரிவு) ஆர்மரரா, அதாவது துப்பாக்கி ரிப்பேர் பாக்குறவரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, சின்ன வயசுல இருந்து லீவுக்கு வந்தா எங்களுக்கு கதையே ஜீப்பும் 303 ரைஃபிளும்தான். துப்பாக்கிய நம்ம வீட்ல வெச்சுக்க முடியாது, அந்த 303 குழல் அளவு இந்தியால பொதுஜனத்துக்கு தடை பண்ண ரகம், சாதாரண லைசென்ஸ் இருந்தாலும் கிடைக்காது. ராணுவத்துல இருந்து கழிஞ்சு வந்த பொருள்ல நம்ம மாதிரி ஆளுங்க வாங்கி தொட்டுப் பாத்து ஓட்ட முடியுறது ஜீப்தான். அதனால பெரியப்பா கூட இருக்கும்போதே ஒண்ணு வாங்கிடணும்னு எனக்கு ரொம்ப நாளா.

மொதல்ல நாங்க போனது இந்த பட்டறைக்கு இல்ல. ஹைவேல இருக்கிற வேற ஒரு யார்டுக்கு, பேர் வேணாம். அங்க "1944 மாடல், வேர்ல்டு வார் வில்லீஸ், ஆல் நம்பர்ஸ் மேட்சிங்"னு, அதாவது ரெண்டாம் உலகப்போர்ல வில்லீஸ்ங்கிற அமெரிக்க கம்பெனி பண்ண ஜீப், எல்லா நம்பரும் ஒத்துப் போகுதுனு சொல்லி ஆறரை லட்சம் கேட்டாங்க. பாக்க பிரமாதமா இருந்துச்சு, ஆலிவ் பச்சை பெயிண்ட், பானட்ல வெள்ளை ஸ்டார், பின்னாடி ஜெர்ரி கேன், பக்கத்துல மண்வெட்டி கோடாலி எல்லாம் மாட்டி சினிமாக்கு ரெடியா நின்னுச்சு. நான் மயங்கிட்டேன்னே சொல்லலாம், அட்வான்ஸ் கொடுக்க பாக்கெட்ல கை போயிடுச்சு. பெரியப்பா எதுவும் பேசாம முன்னாடி போய் நின்னு கிரில்ல விரல வெச்சு எண்ணுனாரு. ஒண்ணு ரெண்டு மூணுனு சத்தமா. ஏழோட நின்னுடுச்சு. போர்க்கால ஜீப்ல தகட்டு கிரில் வந்தா ஒம்பது ஓட்டை இருக்கணும், அதுக்கும் முன்னாடி வந்த ஆரம்பகால வில்லீஸ்ல கம்பி கம்பியா வெல்டு பண்ண கிரில் இருக்கும், ஏழு ஓட்டைங்கிறது போர் முடிஞ்சு சிவிலியனுக்கு வந்த சிஜே வரிசைல இருந்துதான். அப்புறம் பானட்ட தூக்கச் சொன்னாரு. உள்ள இருந்தது ஹரிக்கேன் இன்ஜின், அதாவது இன்டேக் வால்வு மேல ஹெட்ல வர்ற ரகம், அது 1950-க்கு அப்புறம்தான் வந்துச்சு, உயரமும் ஜாஸ்தி. அந்த உயரத்துக்காகத்தான் சிஜே 3பி-ல பானட்டையே உசத்தி டிசைன் பண்ணாங்க, நம்ம ஊர்ல எல்லாரும் பாத்த அந்த உசந்த மூக்கு மஹிந்திரா ஜீப் அதுதான். இந்த வண்டில பானட் ஓரத்துல நாலு விரக்கடை அகலத்துக்கு தகடு வெச்சு ஒட்டி உசத்தி புட்டி போட்டு மறைச்சிருந்தாங்க.

அதக்கூட மன்னிச்சிடலாம். மன்னிக்க முடியாதது இன்ஜின் நம்பர். பிளாக்ல நம்பர் இருக்கிற இடத்த கிரைண்டர் வெச்சு புதுசா தேச்சு பளபளனு இருந்துச்சு, அதுல பஞ்ச் வெச்சு தட்டுன நம்பரும் டேஷ்போர்டு பிளேட்ல இருக்கிற சேஸிஸ் நம்பரும் அச்சு அசல் ஒண்ணு. யார்டுக்காரர் அதத்தான் பெருமையா காட்டுனாரு. பெரியப்பா வெளிய வந்து வண்டில ஏறுனதும் சொன்னாரு, "கண்ணு, வில்லீஸ் கம்பெனி பண்ண வண்டில ஃபேக்டரிலயே இன்ஜின் நம்பர் வேற, சேஸிஸ் நம்பர் வேற. ரெண்டும் ஒண்ணா இருந்தது ஃபோர்டு பண்ண வண்டிலதான். வில்லீஸ்னு சொல்லி ரெண்டும் ஒண்ணுனு காட்டுறான்னா, அவனே தட்டியிருக்கான்னு அர்த்தம்."

அன்னிக்கு திரும்பி வர்ற வழி முழுக்க அவரு 303 பத்திதான் பேசுனாரு, அதுக்கு அப்புறம்தான் கலப்பு பார்ட்ஸ்ங்கிற விஷயமே எனக்கு சரியா புரிஞ்சுது. ஒரு 303-ல பாடில ஒரு நம்பர் இருக்கும், அதே நம்பர போல்ட் (தோட்டாவ உள்ள தள்ளிப் பூட்டுற பாகம்) பிடிக்கு பின்னாடி தட்டியிருப்பாங்க, முன்னாடி மூக்கு கேப்லயும் கட்டையிலயும்கூட இருக்கும். இது அலங்காரத்துக்கு இல்ல. போல்ட்ட ஒவ்வொரு பாடிக்கும் தனியா பொருத்தி சரிபண்ணுவாங்க, போல்ட்ட மூடுன பிறகு தோட்டாவோட அடிப்பக்கத்துக்கு விடுற இடைவெளி ஒரு அளவுக்குள்ள இருக்கணும், ஜாஸ்தியா போச்சுனா ஆபத்து. அதனால அம்பது ரைஃபிள ஒரே நேரத்துல கிளீன் பண்ணாலும் போல்ட் மட்டும் மாறவே கூடாது, மாத்திப் போட்டா ஹவில்தார் தோல உரிச்சிடுவாருனு சொன்னாரு. ஆனா ரைஃபிள் ரொம்ப தேஞ்சு போச்சுனா ஆர்டனன்ஸ் ஃபேக்டரிக்கு போகும், அங்க பிரிச்சு எது நல்லாருக்கோ வெச்சுக்கிட்டு எது இல்லையோ வேற ரைஃபிள்ல இருந்தோ புதுசாவோ போட்டு, அளவெல்லாம் திரும்ப பாத்து, எஃப்டிஆர்-னு முத்திரையும் வருஷமும் தட்டி அனுப்புவாங்க. ஃபேக்டரி தரோ ரிப்பேர்னு அர்த்தம். அந்த ரைஃபிள் கலப்புதான். ஆனா யாரு கலந்தாங்க, எப்போ கலந்தாங்க, கலந்த பிறகு யாரு செக் பண்ணாங்கனு அதுலயே எழுதியிருக்கு.

வெளிநாட்டுல இந்த பழைய ரைஃபிள் சேக்குறவங்க நடுவுல இது பெரிய பஞ்சாயத்து. ரெண்டாம் உலகப்போர்ல ரஷ்யாகாரங்க ஜெர்மன்காரங்க கிட்ட இருந்து புடிச்ச மவுசர் ரைஃபிள் மலை மலையா இருந்துச்சு, போருக்கு அப்புறம் எல்லாத்தையும் பிரிச்சு தொட்டில போட்டு கழுவி கைக்கு கிடைச்சத வெச்சு மாட்டி, போல்ட் நம்பரையும் பாடி நம்பரையும் ஒத்து வர்ற மாதிரி கிறுக்கி எழுதி கிடங்குல அடுக்கிட்டாங்க. அத இன்னிக்கு வாங்குறவன் ஒரிஜினல் மேட்சிங் விலை கொடுக்க மாட்டான், ஆனா குப்பைனும் சொல்ல மாட்டான், ரஷ்யன் கேப்சர்னு தனி ரகமாவே அதுக்கு விலை இருக்கு. அமெரிக்காவோட எம்1 கேரண்டு ரைஃபிள் இன்னும் சுவாரசியம். அதுல சீரியல் நம்பர் இருக்கிறது ரிசீவர்ல, அதாவது பாடில மட்டும்தான், மத்த பார்ட்ஸ்ல அந்தந்த பார்ட்டோட டிராயிங் நம்பர்தான் இருக்கும், ராணுவத்துல இருக்கும்போதே ரிப்பேருக்கு போய் போய் முக்காவாசி கலப்பாயிடுச்சு. இப்ப சில பேர் ரிசீவர் வருஷத்துக்கு ஏத்த பார்ட்ஸ தேடித்தேடி வாங்கி மாட்டி, ஃபேக்டரில இருந்து வந்தப்ப இப்படித்தான் இருந்திருக்கும்னு விக்கிறாங்க. பெரியப்பா கணக்குல அதுதான் தப்பு. ராணுவ ரிப்பேர் டிப்போல கலந்தது நடந்த விஷயம். நேத்து கராஜ்ல உக்காந்து சேத்தது நடந்த மாதிரி காட்டுறது.

ஜீப்புக்கும் இதே கதைதான், சொல்லப்போனா இன்னும் ஜாஸ்தி. 1941-ல இருந்து 1945 வரைக்கும் வில்லீஸ் எம்.பி. மூணரை லட்சத்துக்கு மேல பண்ணாங்க, அதே டிசைன்ல ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ரெண்டே முக்கால் லட்சத்துக்கு மேல. அந்த டபிள்யூ-ங்கிறதே வில்லீஸ் டிசைன்னு சொல்றதுக்குத்தான். ரெண்டு கம்பெனி பார்ட்ஸும் ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போடுற மாதிரி பண்ணதே, போர்க்களத்துல ரெண்டு உடைஞ்ச வண்டில இருந்து ஒரு ஓடுற வண்டி எடுக்கணும்ங்கிறதுக்குத்தான். அப்புறம் எப்படி கலக்காம இருக்கும்? போர் முடிஞ்சு டிப்போ டிப்போவா பிரிச்சு மாட்டுனாங்க, பிரெஞ்சு ராணுவம் லா மால்தூர்னேனு ஒரு இடத்துல இதையே பெரிய வேலையா வருஷக்கணக்கா பண்ணாங்க. நம்ம நாட்டுல போருக்கு வந்த வண்டிங்க ராணுவம் கழிச்சு விக்கிற டிஸ்போசல்ல எஸ்டேட்டுக்கும் காண்ட்ராக்டருக்கும் போச்சு, 1947-ல மஹிந்திரா வில்லீஸ் ஜீப்ப பார்ட்ஸா வரவழைச்சு மாட்ட ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் அம்பது அறுபது வருஷம் இங்கயே ஸ்பேர்ஸ் கிடைச்சுது. அதனால நம்ம ஊர்ல ஓடிக்கிட்டிருந்த போர்க்கால ஜீப்ல மஹிந்திரா பார்ட்ஸ் இல்லாம ஒண்ணு காட்டுங்க பாப்போம். அந்த வண்டிங்க பொழச்சதே அதனாலதான்.

சரி பட்டறைக்கு வர்றேன். யார்டு அனுபவத்துக்கு அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சு ஒரு லாரி மெக்கானிக் சொல்லித்தான் இங்க போனோம். பட்டறை அண்ணனுக்கு அறுவது வயசிருக்கும், அவங்க அப்பா காலத்துல இருந்தே கல்குவாரி ஜீப்புங்கள ரிப்பேர் பண்றவங்க. எங்களுக்கு டீ சொல்லிட்டு ஒரு நீளமான கணக்கு நோட்ட எடுத்து பெரியப்பா கைல கொடுத்தாரு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு. எந்த பார்ட் எந்த வண்டில இருந்து எடுத்தது, எது லேத்துல பண்ணது, எது புது தகடு, எது கடைல வாங்குன டூப்ளிகேட்டுனு பால்பாயிண்ட் பேனால வரிசையா எழுதியிருந்துச்சு. பெரியப்பா கண்ணாடிய போட்டுக்கிட்டு ரெண்டு பக்கம் படிச்சுட்டு, "இது எஃப்டிஆர் மாதிரி இருக்குதே"ன்னாரு. அந்த அண்ணனுக்கு எஃப்டிஆர்னா என்னனு தெரியாது, அப்புறம் அரைமணி நேரம் ரெண்டு பேரும் 303 கதைதான்.

நான் வாங்குன வண்டிய அப்ப பாதி பிரிச்சு வெச்சிருந்தாங்க. இது என்ன சேஸிஸ்ணானு கேட்டதுக்கு அண்ணன் பதில் சொல்லல, கொஞ்சம் காட்டன் வேஸ்ட்டும் தின்னரும் எடுத்து இடது பக்க சேஸிஸ் மேல, இன்ஜின் மவுண்டிங் பக்கத்துல தேய்க்க ஆரம்பிச்சாரு. மொதல்ல நீல பெயிண்ட் வந்துச்சு, அடுத்து மஞ்சள், அப்புறம் ஒரு சாம்பல் பிரைமர், அதுக்கும் கீழ கருப்பா ஒரு பச்சை. அத மெதுவா வயர் பிரஷ்ல தட்டி தட்டி எடுத்தாரு, என் கைய புடிச்சு இங்க தடவிப் பாரு தம்பின்னாரு. கண்ணுக்கு தெரியல, ஆனா விரலுக்கு தெரிஞ்சுது. டார்ச்ச சாச்சு அடிச்சா ஜி, பி, டபிள்யூ, அதுக்கப்புறம் நம்பர், அதுல ஒரு எழுத்து துரு தின்னு போச்சு. வில்லீஸ்ல நம்பர் தனி பிளேட்டுல தட்டி சேஸிஸ் உள்பக்கம் ரிவெட் அடிச்சிருப்பாங்க, ஃபோர்டுலதான் இப்படி சேஸிஸ் மேலயே தட்டியிருக்கும். முன்னாடி கிராஸ் மெம்பரும் ஃபோர்டுல கவுத்துப்போட்ட பட்டை மாதிரி இருக்கும், வில்லீஸ்ல உருண்டை பைப். இதுல பட்டை. ஸ்பிரிங் பட்டைய சேஸிஸோட மாட்டுற ஷேக்கிள் கிட்ட ஒரு போல்ட்டோட தலைய காட்டுனாரு, அரிசி அளவுக்கு ஒரு எஃப். ஃபோர்டு அவங்க பண்ண போல்ட்டு, பிராக்கெட்டுனு கண்ட இடத்துல எல்லாம் எஃப் போட்டிருப்பாங்க. எண்பது வருஷம் ஆன ஒரு போல்ட்டு தலைல அந்த எழுத்த பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

இன்ஜின் பாத்தா நம்பர் எம்.பி.-ல ஆரம்பிக்குது. அதாவது ஃபோர்டு சேஸிஸ்ல வில்லீஸ் இன்ஜின். 134 கியூபிக் இன்ச், 60 குதிரைத்திறன், வால்வெல்லாம் பக்கவாட்டுல பிளாக்குக்குள்ளயே இருக்கிற பழைய ரகம். எப்போ மாறுச்சுனு நோட்டுல இல்ல, அண்ணன் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சாம், அதையும் "வாங்கும்போதே இருந்தது"னு எழுதியிருந்தாரு. எனக்கு அந்த ஒரு வரிதான் நம்பிக்கைய கொடுத்துச்சு. "டிப்போல மாத்துனது சார்"னு ஒரு பொய் சொல்லியிருந்தா நான் இன்னும் 50 ஆயிரம் கூட கொடுத்திருப்பேன், அவரு சொல்லல. கிரில் ஒம்பது ஓட்டை, அசல். ஹெட்லைட் விங் நட்ட லூஸ் பண்ணா பின்னாடி திரும்பி இன்ஜினுக்கு வெளிச்சம் அடிக்குது, ராத்திரி ரிப்பேர் பாக்குறதுக்காக போர்க்கால வண்டில வெச்ச வசதி அது, பிராக்கெட் ஒண்ணு அசல் இன்னொண்ணு அத பாத்து பண்ணது. கியர்பாக்ஸ் டி-90, போர் வண்டில இருந்தது டி-84, இது அதுக்கு அப்புறம் வந்தது, டி-84-விட இதுதான் கெட்டினு மாத்துனவங்க மாத்தியிருக்காங்க. பின் ஆக்ஸில் மஹிந்திரா. பாடில முன் காவுலும் (முன் கண்ணாடிக்கு கீழ வர்ற பாகம்) பானட்டும் பழசு, ஃப்ளோரும் பின்பக்கமும் புது தகடு. கரண்டு 6 வோல்ட்ல இருந்து 12 வோல்ட்டுக்கு மாத்துனது. ஸ்டியரிங் இடது பக்கமே இருக்கு.

இதுல அண்ணன் ஒரு ஆஃபர் கொடுத்தாரு. இன்னும் ஒரு ஒன்றரை லட்சம் ஆகும், வெளிநாட்டுல இருந்து ரீப்ரொடக்‌ஷன் பாடி பேனல், டேட்டா பிளேட்டு, எஃப் போட்ட போல்ட்டு செட்டு எல்லாம் வரும், ஃபோர்டு இன்ஜின் பிளாக் ஒண்ணு கோயம்புத்தூர் பக்கம் இருக்கு, எல்லாம் மாத்தி ஃபுல் ஜி.பி.டபிள்யூ. ஆக்கிடலாம், விக்கும்போது நல்ல விலை போகும் தம்பின்னாரு. ரெண்டு நாள் யோசிச்சேன். வேணாம்னு சொல்லிட்டேன். இப்ப இருக்கிற டி-90 கியர்பாக்ஸ் இந்த வண்டி ஏதோ குவாரிலயோ எஸ்டேட்டுலயோ வேலை செஞ்ச காலத்துக்கு சாட்சி. நீலமும் மஞ்சளும் சாட்சி. அத கழட்டி எறிஞ்சுட்டு புது எஃப் போல்ட்டு போட்டா, அப்ப நிஜமான அந்த ஒரு ஷேக்கிள் போல்ட்டுக்கும் மரியாதை இல்லாம போயிடும், எது பழசு எது நேத்து வந்துச்சுனு பத்து வருஷம் கழிச்சு யாராலயும் சொல்ல முடியாது. அண்ணனும் ஒண்ணும் வருத்தப்படல, சரி நோட்டுல இருக்கிறபடியே மாட்டிடலாம்னு விட்டுட்டாரு.

விலை விஷயத்துல என் கருத்து இது. ஃபோர்டு வண்டில சேஸிஸும் இன்ஜினும் ஒரே நம்பர், பாடி அசல், அப்படி ஒண்ணு வந்தா அது வேற உலகம், அதுக்கு சேக்குறவங்க என்ன வேணா கொடுப்பாங்க, நம்ம பேச்சு அதுல இல்ல. அடுத்த படி போர்க்கால சேஸிஸ், போர்க்கால இன்ஜின், ரெண்டும் வேற கம்பெனியா இருந்தாலும் காலம் ஒண்ணு. என் வண்டி இங்க வருது. எனக்கு தெரிஞ்சு இந்த படியத்தான் மக்கள் தப்பா எடை போடுறாங்க, கலப்புனு ஒரே வார்த்தைல தள்ளிடுறாங்க. அதுக்கும் கீழ சேஸிஸ் மட்டும் பழசு, மத்ததெல்லாம் மஹிந்திரா, டீசல் இன்ஜின். அது நல்ல உழைக்கிற வண்டி, ஆனா வேர்ல்டு வார்னு விலை சொல்லக்கூடாது. கடைசில அந்த யார்டு வண்டி. அதுல எல்லாமே மஹிந்திரா, மஹிந்திரானு சொல்லி மூணு லட்சம் கேட்டிருந்தா நானே வாங்கியிருப்பேன், நல்ல சிஜே 3பி-யா இருந்திருக்க வேண்டியது, பானட்ட ஒட்டுப் போட்டு, நம்பர தேச்சு அதோட சொந்த மதிப்பையும் கெடுத்துட்டாங்க. மேட்சிங்னு காட்ட நம்பர் தட்டுனதுக்கு அப்புறம் அந்த வண்டிய வண்டியாவும் நம்ப முடியாது, பேப்பராவும் நம்ப முடியாது.

பேப்பர் விஷயம் ரொம்ப முக்கியம், தயவுசெஞ்சு இத கவனமா படிங்க. ஆர்சி-ல இருக்கிற சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், எரிபொருள், இந்த மூணும் வண்டில இருக்கிறதோட ஒத்துப் போகணும். இன்ஜின் மாறியிருந்தா ஆர்டிஓ-ல சொல்லி ஏத்தியிருக்கணும், மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுல இத தெளிவா சொல்லியிருக்கு. என் வண்டில அந்த எம்.பி. இன்ஜின் நம்பர்தான் ஆர்சி-லயும் இருந்துச்சு, அதாவது மாத்துனவங்க அந்த காலத்துலயே ஒழுங்கா பதிஞ்சிருக்காங்க, பெரியப்பா அத பாத்துட்டுத்தான் சரின்னாரு. டிஸ்போசல் ஏலத்துல எடுத்த வண்டினா ஏல ரிலீஸ் பேப்பர் அசல் கேளுங்க, ஜெராக்ஸ் காட்டுனா கெளம்பிடுங்க. அப்புறம் விண்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன்னு 2021-ல மத்திய அரசு கொண்டு வந்தாங்க, மொத பதிவாகி 50 வருஷத்துக்கு மேல ஆன டூவீலர் ஃபோர்வீலருக்கு, புதுசா பதிய 20 ஆயிரம், 10 வருஷம் செல்லும், நம்பர்ல விஏ-னு வரும். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் பண்ணாம அசல் நிலைல வெச்சிருக்கணும்னு அதுலயே சொல்லியிருக்காங்க, தினசரி ரோட்டுல ஓட்டவும் கூடாது. என்னோடது மாதிரி கலப்பு வண்டிக்கு அது சரிப்படாது. விண்டேஜ் நம்பர் வாங்கித் தர்றேன்னு சொல்லி கலப்பு வண்டிய விலை ஏத்துறவங்கள நம்பாதீங்க. நான் சாதாரண ஆர்சி-லயே எஃப்சி எடுத்து ரினியூவல் பண்ணிக்கிட்டேன்.

ஓட்டுறதுக்கு எப்படினு கேட்டா, பழகணும். ஃபர்ஸ்ட் கியர்ல சின்க்ரோ (கியர் சத்தமில்லாம விழ உதவுற அமைப்பு) கிடையாது, நின்னுதான் போடணும், ஓடும்போது போடணும்னா டபுள் கிளட்ச் அடிக்கணும். பிரேக் நாலும் டிரம், முன்னாடி போற லாரிக்கு நல்லா இடம் விட்டுத்தான் போகணும், தொப்பூர் கணவாய் பக்கம் நான் இந்த வண்டிய எடுத்துட்டுப் போறதே இல்ல. 55, 60-ல பழைய ரோட்டுல சுகமா போகுது, ஹைவேல ஹார்ன் அடிச்சே சாகடிப்பாங்க. பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடிலயே இருக்கு, பெட்ரோல் போடணும்னா எறங்கி சீட்ட தூக்கணும், பங்க்ல இருக்கிற பசங்க எல்லாம் வேடிக்கை பாப்பாங்க. மைலேஜ் எனக்கு எட்டு வருது. இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப் போயிடும்னு அண்ணனே ஹோஸையும் கார்புரேட்டர் ரிப்பேர் கிட் பார்ட்ஸையும் மாத்திட்டாரு, அது நல்ல யோசனை. வத்தல்மலை ஒரு தடவை ஏத்துனேன், பெரியப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் "கியர எறக்கு, எறக்கு"னு சொல்லிக்கிட்டே வந்தாரு, செகண்டுலயே உறுமிக்கிட்டு சூடு ஏறாம மேல போயிடுச்சு. மேல டீக்கடைல நிறுத்துனா கூட்டம் கூடிடுச்சு. ஒரு வயசானவரு வந்து பானட்ட தடவிட்டு, எங்க அப்பா இந்த மாதிரி வண்டிலதான் மரம் எடுக்கப் போவாருன்னாரு.

பட்டறைல குறையும் இருக்கு, அதையும் சொல்லணும். மூணு மாசத்துல தர்றேன்னு சொல்லி ஏழு மாசம் ஆக்குனாரு. ஃபோன் எடுக்க மாட்டாரு, நேர்ல போய் நின்னாதான் வேலை நகருது, நான் சந்தூர்ல இருந்து அதுக்காகவே பதினஞ்சு தடவை போயிருப்பேன். ஒயரிங் சுமார்தான், டேப் சுத்தி விட்டுட்டாங்க, மொத மழைலயே ஹார்ன் தானா அடிக்க ஆரம்பிச்சுது, காவேரிப்பட்டணத்துல ஒரு எலக்ட்ரீஷியன் கிட்ட 6 ஆயிரம் கொடுத்து திரும்ப பண்ணேன். கேன்வாஸ் டாப் தையல்ல ஒழுகுச்சு, அத திருப்பி கொடுத்ததும் காசு வாங்காம வேற தெச்சு கொடுத்தாரு. பெயிண்ட் ஸ்ப்ரே ஒரே சீரா இல்ல, பக்கத்துல போய் பாத்தா தெரியும். இன்ஜின் வேலை மட்டும் குறையே சொல்ல முடியாது. போரிங் பண்ணி புது பிஸ்டன் போட்டு, காலைல ஒரே அமுக்குல ஸ்டார்ட் ஆகுது, ஆயில் ஒரு சொட்டு கீழ விழல. அந்த இன்ஜின்ல ஆயில் ஒழுகாம இருக்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு வெச்சிருக்கிறவங்களுக்கு தெரியும்.

காசு பாதி அட்வான்ஸ், பாதி வண்டி எடுக்கும்போது. நோட்ட ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினல வண்டி கூடயே கொடுத்துடுறாரு, மறக்காம கேட்டு வாங்குங்க. நான் அதுக்கு அட்டை போட்டு டேஷ் பாக்ஸ்லயே வெச்சிருக்கேன். பெரியப்பா கைப்பட எழுதுன மூணு வரி அதுல இருக்கு, ஒயரிங் மாத்துன தேதி, ஃபேன் பெல்ட் மாத்துன தேதி, மூணாவது அந்த ஷேக்கிள் போல்ட்டு பத்தி: "எஃப் குறி உள்ளது. மாற்ற வேண்டாம்."

போறவங்க காலைல பத்து மணிக்குள்ள போயிடுங்க, மதியத்துக்கு மேல அண்ணன் லேத்துக்கு போயிடுவாரு. இப்ப ஷெட்டுல ஒரு ஜோங்கா பிரிச்சு வெச்சிருக்காங்க, ஜபல்பூர் ஃபேக்டரில ராணுவத்துக்காக பண்ண நிஸான் டிசைன் வண்டி, ஆறு சிலிண்டர் பெட்ரோல். நோட்டுல இதுவரைக்கும் நாலு பக்கம் ஆயிடுச்சாம், யாராவது வாங்குற யோசனைல இருந்தா மாட்டி முடிக்கிறதுக்கு முன்னாடியே போய் பாத்துடுங்க, பிரிச்சு கெடக்கும்போதுதான் எல்லாம் கண்ணுக்கு தெரியும்.